வேலிக்கு அந்தப் பக்கத்துச் சிட்டு

என் நாத்தனார் அஸேலியோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. அவளுடைய நாயோடு உண்டு.

நாயின் பெயர் ரூ. கும்போக் குழம்பு வைக்கும்போது மாவை எண்ணெயில் போட்டுக் கிளறிக் கிளறி வறுப்போமே, அதற்கு ரூ என்று பெயர்; நாயும் அதே பழுப்பு நிறம். அதற்குக் காது கேட்காமல் போய் வெகு காலமாகிறது. எங்கள் இருவருக்கும் அது ஒரு வசதி. நான் வேலியோரம் நின்று ரூவிடம் உரக்கச் சொல்வேன். அஸேலி சமையலறை ஜன்னலில் நின்று கேட்டுக்கொள்வாள். பதிலையும் ரூவிடமே சொல்வாள். ரூ இரண்டு பேருக்கும் பொதுவாக வாலை ஆட்டிவிட்டுத் தூங்கப் போய்விடும்.

சண்டை வந்தது என் வீட்டுக்காரர் அல்சீட்டைப் புதைத்த அன்று. மாதா கோயில் கூடத்தில் சாப்பாடு. நான்தான் கும்போ வைத்தேன், கோழியும் சாசேஜும் போட்டு. என் அம்மா நகரத்துப் பக்கம். அவள் வைப்பது போலத் தக்காளியும் போடுவேன். இந்த ஊரில் கும்போவில் தக்காளி போடுகிறவளைக் கோயிலுக்கு வராதவளைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். அல்சீட் ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை, தட்டைத் துடைத்துச் சாப்பிடுவார். அன்றைக்கு அஸேலி ஒரு வாய் எடுத்து வைத்தாள். கரண்டியைக் கீழே போட்டாள்.

"தக்காளி! இதை என் தம்பி நாப்பது வருஷமா தின்னிருக்கான். நெஞ்சுவலி ஏன் வராது?"

பாதிரியார் வாய்க்குக் கொண்டுபோன கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். நான் மட்டும் சும்மா இருந்தேனா?

"உங்க கும்போவுல தக்காளி இல்லதான் அண்ணி. அதைச் சாப்பிட்டுட்டுதானே உங்க வீட்டுக்காரர் டெக்ஸஸ் வரைக்கும் ஓடினாரு?"

அதோடு முடிந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் வேலியில் அல்சீட் ஒரு சின்னக் கதவு வைத்திருந்தார். அக்கா வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் தெருவைச் சுற்றிக்கொண்டு ஏன் நடக்க வேண்டும் என்று அவரே அறுத்து, அவரே கீல் போட்ட கதவு. இறால் மாதிரியே பூப் பூக்கும் செடி ஒன்று என்னிடம் பெரிய தொட்டியில் இருந்தது. அன்று மாலையே அந்தத் தொட்டியை இழுத்துக்கொண்டு போய்க் கதவுக்கு முன்னால் வைத்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டு ஒரு வாரம் படுத்தேன். வைத்ததற்காக வருத்தப்படவில்லை.

இனி சிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

கோடையில் எங்கள் தோட்டங்களுக்கு வந்து, நாங்கள் தொங்கவிடும் சர்க்கரைத் தண்ணீரைக் குடிக்கும் ரீங்காரச் சிட்டுகள், ஹம்மிங்பேர்டுகள், எல்லாருக்கும் தெரிந்தவை. இலையுதிர் காலத்தில் அவை கடலைத் தாண்டித் தெற்கே போய்விடும். பெரும்பாலானவர்கள் அத்தோடு சர்க்கரைத் தண்ணீர்க் குடுவைகளைக் கழற்றிக் கழுவிப் பரணில் போட்டுவிடுவார்கள். விஷயம் தெரிந்தவர்கள் கழற்ற மாட்டார்கள். கரும்பு வெட்டித் தோகையை எரித்து ஊரெல்லாம் புகை சூழும் நாட்களில், வடமேற்கு மலைகளிலிருந்து வேறொரு வகைச் சிட்டு தப்பித் தவறி ஒன்றிரண்டு இங்கே வரும். கட்டைவிரல் அளவுதான் இருக்கும், துருப்பிடித்த ஆணி நிறம், எக்கச்சக்கக் கோபம். குளிர்காலம் முழுக்க ஒரே தோட்டத்தில் தங்கிவிட்டு, மார்ச் மாதம் திரும்பிப் போகும்.

அல்சீட் விஷயம் தெரிந்தவர். அவருடைய கடைசிக் குளிர்காலத்தில் அப்படி ஒரு பெண் சிட்டு எங்கள் தோட்டத்தில் தங்கியது. சிட்டுகளுக்கு அடையாளக் கால் வளையம் போடுகிற டாக்டர் லெமேர் வந்தார். வாரநாட்களில் பல் டாக்டர், சனிக்கிழமைகளில் பறவை டாக்டர். கம்பிக் கூண்டு வைத்துச் சிட்டைப் பிடித்து, கண்ணுக்கே தெரியாத ஒரு வளையத்தை அதன் காலில் மாட்டி, எடை போட்டார். பிறகு வழக்கப்படி தோட்டத்துக்குச் சொந்தக்காரர் கையில் அதை வைத்தார். அவர் கையிலிருந்துதான் அது பறந்து போக வேண்டும், அப்படி ஒரு மரியாதை. அல்சீட் கையை நீட்டினார். அகலமான, குட்டை விரல் கை. சுண்டு விரல் உள்பக்கமாக வளைந்திருக்கும். எதையுமே முழுசாக நீட்டிக் கொடுக்கத் தெரியாத கை என்று நான் கேலி செய்வேன். சிட்டு அந்தக் கையில் அசையாமல் கிடந்தது.

"கனமே இல்லடி. ஆனா உள்ள என்னமோ ஓடுது பாரு, குட்டி மோட்டார் மாதிரி," என்றார். அவர் முகத்தை அப்படி நான் எங்கள் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை. வளையத்தின் கடைசி எண்களை மனப்பாடம் செய்துகொண்டு போய் லாட்டரி வாங்கினார். ஒன்றும் விழவில்லை. அதற்கும் சிரித்தார்.

பிப்ரவரியில் அவர் போய்விட்டார். அவரைப் புதைத்துக் கொஞ்ச நாளில் சிட்டும் போய்விட்டது. அடுத்த குளிர்காலத்தில் குடுவை வைத்தேன், வரவில்லை. அதற்கடுத்ததிலும் வரவில்லை. இந்த வருஷம் நவம்பரில் ஒரு காலை காபியோடு பின்பக்கத் திண்டில் உட்கார்ந்திருந்தேன். துணி காயப்போடும் கம்பியில், பழைய சிட்டு உட்காரும் அதே இடத்தில், துருப்பிடித்த ஆணி நிறத்தில் ஒன்று உட்கார்ந்து என்னைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தது.

காபி என் மடியில் கொட்டியது. சுட்டதுகூடத் தெரியவில்லை. உள்ளே ஓடி டாக்டருக்குப் போன் செய்தேன்.

"அதே சிட்டு அதே தோட்டத்துக்கு வர்றது உண்டும்மா. சிலது பல வருஷம்கூட வரும்," என்றார். "கால்ல வளையம் தெரியுதா?"

"டாக்டர், காலே தெரியல."

"அப்ப பிடிச்சுப் பார்த்தாதான் தெரியும். எனக்கு டிசம்பர் முழுக்க வேலை. புத்தாண்டு கழிச்சுக் கடையில கிங் கேக் வர ஆரம்பிச்சதும் முதல் சனிக்கிழமை வரேன். அதுவரைக்கும் அதைப் பத்திரமா பாத்துக்கங்க."

பத்திரமாகப் பார்த்துக்கொள்வது என்றால் என்ன? நான் அதற்குத்தான் பிறந்தேன் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு வேறொன்றும் வேண்டியதில்லை. அது அவர் கையில் கிடந்த சிட்டுதானா, அது மட்டும் தெரிய வேண்டும். அதுதான் என்றால், அவர் தொட்டதில் உயிரோடு இன்னும் ஒன்று இந்தத் தோட்டத்தில் இருக்கிறது என்று அர்த்தம். இதை யாரிடம் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள். நானே வேறொருத்தி சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

ஆகவே பத்திரமாகப் பார்த்துக்கொண்டேன். ஒரு குடுவை போதாது என்று இன்னொன்று வாங்கினேன். பிறகு இன்னொன்று. பின்பக்கத் தாழ்வாரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் வரிசையாகத் தொங்கவிட்டேன். ஒரு பங்கு சர்க்கரை, நாலு பங்கு தண்ணீர், கொதிக்க வைத்து ஆற்றி, குடுவைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி. சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். எனக்குத் தெரிந்தால் இன்னொருவனுக்கும் தெரியும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு சண்டியர் வந்து சேர்ந்தான், வேறு வகை ஆண் சிட்டு. பச்சை முதுகு, சிவப்பு மூக்கு, என் சிட்டைப் போல இரண்டு மடங்கு. டெக்ஸஸ் பக்கத்திலிருந்து வருகிற ஜாதி. அந்தப் பக்கத்திலிருந்தோ அந்தப் பக்கத்துக்கோ போய் வருகிற எதுவும் எங்கள் குடும்பத்துக்கு ஆகி வந்ததில்லை. என் சாத்சுமா ஆரஞ்சு மரத்தின் உச்சியில் உட்கார்ந்தான். அங்கிருந்து பார்த்தால் எல்லாக் குடுவையும் தெரியும். என் சிட்டு எதன் கிட்டே போனாலும் மேலேயிருந்து பாய்ந்தான். அவளும் லேசுப்பட்டவள் இல்லை, திருப்பிப் பாய்ந்தாள், கத்தினாள். அவனுக்குப் பசித்தால் குடிப்பான், பசிக்காவிட்டாலும் காவல் காப்பான். ஒரு காலை பார்த்தேன், துணிக் கம்பி காலியாக இருந்தது. அடுத்த நாளும் காலி.

நான் தட்டுக் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என் ஆசையே அவளைத் துரத்திவிட்டது. ஒரே ஒரு குடுவையோடு விட்டிருந்தால் சண்டியருக்கு இங்கே என்ன வேலை?

பிறகு அந்தக் கத்தல் கேட்டது. கோபமான, மெல்லிய டிக் டிக் சத்தம். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

எட்டிப் பார்த்தேன். அஸேலியின் வீடு என் வீட்டுக்குப் பக்கவாட்டில் இருக்கிறது. அவள் பின்வாசலைச் சண்டியரின் மரத்திலிருந்து பார்க்க முடியாது, சுவர் மறைக்கும். அந்த மூலையில் அவளுடைய சிவப்பு சால்வியா புதர் பூத்துக் கொட்டிக் கிடந்தது. பக்கத்தில் ஒரு புதுக் குடுவை. பறவை என்றாலே தலைவலி என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தவள் குடுவை வைத்திருக்கிறாள். அதில் என் சிட்டு குடித்துக்கொண்டிருந்தது. குடுவைக்குள் என்ன என்று அப்புறம்தான் பார்த்தேன். இரத்தச் சிவப்பில் தண்ணீர். கடையில் பாட்டிலில் விற்கும் சாயத் தண்ணீர்.

"ரூ!" என்று கத்தினேன். ரூ வெயிலில் படுத்திருந்தது. "ரூ, உன் எஜமானிகிட்ட சொல்லு. அந்தச் சாயத்தைத் தூக்கிச் சாக்கடையில ஊத்தச் சொல்லு. சிட்டுக்கு அது ஆகாது. ஒரு பங்கு சர்க்கரை, நாலு பங்கு தண்ணி. கரும்புக் காட்டுக்கு நடுவுல பொறந்தவளுக்குச் சர்க்கரை கிடைக்கலியா?"

ஜன்னல் திரை அசைந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது.

"ரூ, வேலிக்கு அந்தப் பக்கம் ஒருத்தி இருக்கா பாரு, அவகிட்ட சொல்லு. சிட்டு தானா என்கிட்ட வந்துச்சு. நான் கூப்பிடல. கும்போவுக்கே கணக்குத் தெரியாதவ எனக்குத் தண்ணிக் கணக்கு சொல்ல வேண்டாம்னு சொல்லு."

ரூ வாலை ஆட்டியது. எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் மறுநாள் காலை எட்டிப் பார்த்தபோது அவள் குடுவையில் தண்ணீர் தெளிவாக இருந்தது. குடுவையும் பளபளவென்று தேய்த்திருந்தது. ஜன்னலில் யாரும் இல்லை.

டாக்டரிடம் போனில் சொன்னேன். அவர் சிரித்தார்.

"எல்லாக் குடுவையும் ஒரே வரிசையில வெச்சீங்களா? அதான். ஒருத்தனே எல்லாத்தையும் காவல் காத்துடுவான். இனிமே அவ அங்க பழகிட்டா, மாத்த வேண்டாம். பக்கத்து வீட்டம்மாகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க, கூண்டை அங்கயே வெச்சுப் பிடிச்சிடலாம்."

"அவகிட்ட கேக்கறதுக்கு நான் செத்தே போயிடுவேன் டாக்டர்."

"சாகறதுக்கு முன்னாடி கேட்டுருங்க," என்றார். "நான் அந்தச் சனிக்கிழமை வரேன்."

நான் கேட்கவில்லை. ரூவிடம்கூடக் கேட்கவில்லை. நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று கிறிஸ்துமஸ் போய், புத்தாண்டு போய், கடைகளில் கிங் கேக் வந்துவிட்டது.

சனிக்கிழமைக்கு முந்தின நாள் டெலிவிஷனில் உறைபனி எச்சரிக்கை. எங்கள் பக்கம் அப்படி ஒரு குளிர் வருவது அபூர்வம். வந்தால் ஊரே எழுந்து ஓடும். நானும் ஓடினேன். குழாய்களைச் சொட்ட விட்டேன், தொட்டிகளை உள்ளே இழுத்தேன், சாத்சுமா மரத்துக்குப் படுக்கை விரிப்புகளைப் போர்த்திக் கட்டினேன். தெருவில் எந்தத் தோட்டத்தைப் பார்த்தாலும் பூப்போட்ட விரிப்புகளில் மரங்கள் நின்றன. சாயங்காலம் டாக்டர் கூப்பிட்டார்.

"வெயில் நல்லா ஏறினப்புறம்தான் வருவேன்மா, குளிர்ல பிடிக்கக் கூடாது. ஒண்ணு சொல்றேன். ராத்திரி சிட்டு மூச்சைக் குறைச்சுக்கிட்டுக் கட்டை மாதிரி கிடக்கும். விடிஞ்சதும் முதல் வேலையா குடிச்சாதான் உயிர். குடுவை உறைஞ்சு கிடந்தா…" அவர் முடிக்கவில்லை. "முதல் வெளிச்சத்துல தண்ணி தண்ணியா இருக்கணும். அவ்வளவுதான்."

முதல் வெளிச்சம்! அஸேலி ஒன்பதரைக்கு முன்னால் எழுந்தவள் இல்லை. தன் கல்யாணத்துக்கே தாமதமாக வந்தவள். பாதிரியார் காபி குடித்து முடித்து, இன்னொரு கப்பும் குடித்த பிறகுதான் வந்தாள் என்று அல்சீட் சொல்வார். அவள் எழுந்து வருவதற்குள் அந்தக் குடுவை பனிக்கட்டியாக இருக்கும். சிட்டு வந்து மூக்கால் தட்டிப் பார்க்கும்.

வேலியோரம் போனேன். ரூவைக் காணவில்லை. குளிருக்குப் பயந்து உள்ளே கூட்டிப் போய்விட்டாள். ஜன்னலும் இறுக்கச் சாத்தியிருந்தது. சொல்வதற்கு நாயும் இல்லை, கேட்பதற்கு ஜன்னலும் இல்லை. கதவைத் தட்டலாம். தட்டி? "அண்ணி, காலையில சீக்கிரம் எழுந்திரிங்க" என்று சொல்வதா? சொன்னால் அதற்கென்றே பத்து மணி வரைக்கும் தூங்குவாள். இப்படியெல்லாம் நியாயம் சொல்லிக்கொண்டேனே தவிர, உண்மையில் எனக்குப் பயம். அவள் முகத்தைப் பார்த்துப் பேசி வெகு நாளாகிவிட்டது.

விடியலுக்கு முன்பே எழுந்தேன். சர்க்கரைத் தண்ணீரைச் சூடு பண்ணி ஒரு குடுவையில் ஊற்றி, துண்டில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தேன். புல் காலடியில் நொறுங்கியது. குழாய்ச் சொட்டுகளுக்குக் கீழே கண்ணாடிக் குச்சிகள். இறால் செடியை முந்தின நாள் உள்ளே எடுத்து வைத்திருந்ததால் கதவுக்கு முன்னால் தொட்டி இல்லை. அதை எடுத்தபோது அப்படி ஒரு வழி திறந்ததாக எனக்கு உறைக்கவே இல்லை. கதவைத் தள்ளினேன். கீல் கீச்சென்றது.

சால்வியா புதரின் பக்கத்தில் அல்சீட் நின்றுகொண்டிருந்தார்.

அவர் வாத்து வேட்டைக்குப் போடும் கோட்டு, பெரிய பைகள் வைத்தது, முதுகில் நான் தைத்துக் கொடுத்த ஒட்டுத் துணியோடு. கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, தோளைக் குறுக்கி நிற்கும் அதே நிற்பு. வெட்கமில்லாமல் சொல்கிறேன், நான் கூப்பிட்டேன். "அல்சீட்!" என்று வாய்விட்டே கூப்பிட்டேன்.

அந்த உருவம் திரும்பியது.

"அவன் இல்லடி," என்றாள் அஸேலி. "நான்தான்."

வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கோட்டை நான் கோயில் விற்பனைக்குக் கொடுத்துவிட்டேன், வீட்டில் மாட்டியிருப்பதைப் பார்க்க முடியாமல். யார் வாங்கியது என்று கேட்கவே இல்லை.

"கோட்டு…" என்றேன்.

"விக்க வெச்சிருந்தாங்க. யாரோ முன்பின் தெரியாதவன் போட்டுக்கிட்டுத் திரியறதை நான் பார்க்கணுமா?" கோட்டுக்குள்ளிருந்து அவள் குடுவையை எடுத்தாள். அக்குளில் வைத்துச் சூடு காத்து வந்திருக்கிறாள். கையில் தடித்த கம்பளி உறை. "நீ எதுக்குடி இந்தக் குளிர்ல வந்தே?"

என் துண்டைக் காட்டினேன். இரண்டு பேரும் இரண்டு குடுவைகளைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"நீங்க ஒன்பதரைக்கு முன்னாடி எழுந்திரிக்க மாட்டீங்களேன்னுதான் அண்ணி."

"அது அப்போ." அவள் மூக்கை உறிஞ்சினாள். "அன்னைக்கு அவன் கூப்பிட்டான் இல்ல, டாக்டர் வராரு, சிட்டை என் கையில வைக்கப் போறாங்க, சீக்கிரம் வாக்கான்னு? நான் தூங்கிட்டேன். வந்து பாக்கறப்ப வெறுங்கையைக் காட்டிச் சிரிக்கிறான். பறந்துபோச்சுக்கா, அடுத்த வருஷம் பாக்கலாம்னான்." அவள் உறை போட்ட கையால் குடுவையைத் துடைத்தாள். "அவன் போனதுக்கப்புறம் எனக்கு விடிய விடியத் தூக்கம் வரல. இருட்டுலயே எழுந்திரிச்சு உட்கார்ந்திருக்கேன். இப்ப எழுந்து என்ன பிரயோஜனம் சொல்லு."

நான் அவளைத் தூங்குமூஞ்சி என்று திட்டிக்கொண்டிருந்த காலைகளில் எல்லாம் அவள் ஜன்னலுக்குப் பின்னால் விழித்திருந்திருக்கிறாள்.

வானம் சாம்பல் நிறமாகியது. காமெலியாப் புதருக்குள்ளிருந்து டிக் என்று ஒரு சத்தம். அஸேலி குடுவையைக் கொக்கியில் மாட்டக் கையைத் தூக்கினாள். மாட்டவில்லை. அதற்குள் சிட்டு வந்துவிட்டது. இறகெல்லாம் உப்பி, ஒரு பருத்தி உருண்டை மாதிரி. அவள் கையில் பிடித்திருந்த குடுவையிலேயே உட்கார்ந்து, மூக்கை விட்டுக் குடிக்க ஆரம்பித்தது. குடித்தது, நிறுத்தியது, மறுபடியும் குடித்தது. அஸேலி மூச்சு விடவில்லை. நானும் விடவில்லை. அதன் வயிறு நிறைந்த பிறகு எங்கள் இருவரையும் ஒரு தடவை திட்டிவிட்டுப் போனது.

"நன்றி கெட்ட கழுதை," என்றாள் அஸேலி.

"அண்ணி, டாக்டர் இன்னைக்கு வராரு. இங்க கூண்டு வைக்கணும். அது அவர் கையில இருந்த சிட்டுதானான்னு…"

"தெரியும்டி. நீ போன்ல கத்தறது ரூவுக்கே கேக்கும்." அவள் குடுவையைக் கொக்கியில் மாட்டினாள். "எனக்கும் தெரிஞ்சுக்கணும். உனக்கு மட்டுமா அவன்?"

பத்து மணிக்கு வெயில் வந்தது. டாக்டர் லெமேர் கூண்டும் பெட்டியுமாக என் வாசலில் மணி அடித்துவிட்டு, ஆள் இல்லை என்று தேடி வந்து, எங்கள் இருவரையும் அஸேலியின் பின்வாசலில் ஒரே போர்வைக்குள் காபியோடு பார்த்தார். நல்ல மனிதர், ஒன்றும் கேட்கவில்லை. குடுவையைக் கூண்டுக்குள் தொங்கவிட்டு, கூண்டுக் கதவில் கட்டிய நூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ரூ அவர் காலடியில் படுத்தது.

சிட்டு கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. மேலே பார்த்தது, பக்கத்தில் பார்த்தது. பசி ஜெயித்தது. உள்ளே போனதும் டாக்டர் நூலை விட்டார்.

அவர் கைக்குட்டையில் சுற்றி அதை எடுத்து வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வயிற்று இறகை ஊதி விலக்கி விரல் நுனியால் காலை வெளியே எடுத்தார். அஸேலி என் முழங்கையைப் பிடித்தாள். எப்போது பிடித்தாள் என்று எனக்குத் தெரியாது.

டாக்டர் ஒரு காலைப் பார்த்தார். மறு காலைப் பார்த்தார். மூக்கையும் திருப்பிப் பார்த்தார்.

"வளையம் இல்லம்மா," என்றார் மெதுவாக.

"கழண்டு விழுந்திருக்கும்," என்றாள் அஸேலி.

"விழாதும்மா. அதோட இது சின்னது, மூக்கைப் பார்த்தாலே தெரியுது. போன கோடையில முட்டையிலிருந்து வந்த குஞ்சு. இதுக்கு இது முதல் குளிர்காலம்."

அவ்வளவுதான். அவர் போய் வருஷங்கள் கழித்துப் பிறந்த ஒரு குஞ்சு. அவரைத் தெரியாது, என்னைத் தெரியாது. ஒன்றுமே தெரியாமல் பாதிக் கண்டத்தைக் கடந்து வந்து, யாருடைய கம்பி என்று தெரியாமல் என் கம்பியில் உட்கார்ந்திருக்கிறது. நான் அழுதேன். மறைக்கவில்லை. அஸேலி சாலைப் பக்கம் பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

டாக்டர் எங்களுக்குக் கொஞ்சம் நேரம் கொடுத்தார். புது வளையம் ஒன்றை எடுத்து மாட்டி, எடை போட்டார். பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அல்சீட்டின் கையில் வைத்தவர் அவர்தானே. "யார் கையில விடலாம்?"

நான் அந்த நேரத்துக்காக நவம்பரிலிருந்து காத்திருந்தேன். காலையில் வாசனை சோப்புப் போடாமல் கை கழுவியிருந்தேன். என் கை பாதி நீண்டும் விட்டது.

"அண்ணி கையில வைங்க," என்றேன்.

"அடி, உன் சிட்டுடி அது."

"உங்க தோட்டம். நீங்கதான் அன்னைக்குத் தூங்கிட்டீங்க. உறையைக் கழட்டுங்க."

அவள் முணுமுணுத்துக்கொண்டே கம்பளி உறையைக் கழற்றினாள். கையை நீட்டினாள். டாக்டர் சிட்டை அதில் வைத்தார்.

அகலமான கை. குட்டை விரல்கள். சுண்டு விரல் உள்பக்கமாக வளைந்திருந்தது.

நாற்பது வருஷத்துக்கு மேலாக நான் அந்தக் கையைப் பார்த்திருக்கிறேன். நண்டு உடைக்கும்போது பார்த்திருக்கிறேன், என்னை நோக்கி விரல் ஆட்டும்போது பார்த்திருக்கிறேன், கும்போக் கரண்டியைக் கீழே போட்டபோதும் பார்த்தேன். ஆனால் ஒரு நாளும் சரியாகப் பார்த்ததே இல்லை. சிட்டு அதில் அசையாமல் கிடந்தது, அன்றைக்குக் கிடந்தது போலவே. சிட்டுதான் வேறு.

"போக மாட்டேங்குதே, ஒடீல்," என்று கிசுகிசுத்தாள். பல வருஷம் கழித்து என் பெயரைச் சொன்னாள். "ஏதாவது ஆயிடுச்சா?"

"பேசாம இருங்க அண்ணி. அவர் கையிலயும் கொஞ்ச நேரம் இப்படித்தான் கிடந்துச்சு."

வெயில் சிட்டின் முதுகில் பட்டது. பிறகு ஒரு சத்தம், கை காலியாக இருந்தது. காமெலியாப் புதரிலிருந்து திட்டு கேட்டது.

அஸேலி கையை மடக்காமல் நீட்டியபடியே நின்றாள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

"அது போயிடுச்சுடி," என்றாள்.

"தெரியும் அண்ணி," என்றேன். விடவில்லை.